நகரி மலையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை: கடலோர வெள்ள வரைபடம் எங்கே தொடங்க வேண்டும்?

கடலோர ஊர்களுக்கு வெள்ளம் மூன்று வழிகளில் வருகிறது. புயலின்போது கடல் எழும்பி உள்ளே நுழைவது ஒன்று. ஊரின் மேலேயே கொட்டிய மழை வடிய வழியில்லாமல் தேங்கி நிற்பது இன்னொன்று. எங்கோ மலையில் பெய்த மழை ஆற்றோடு இறங்கி, பல மணி நேரம் கழித்துக் கழிமுகத்துக்கு வந்து சேர்வது மூன்றாவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் உருவாகும் ஒரு புயல் இந்த மூன்றையும் ஒன்றாகவே கொண்டுவரும். கடல் உயர்ந்திருக்கும் நேரத்தில் ஆற்று வெள்ளம் முகத்துவாரத்தை எட்டினால் அது வெளியேற இடமின்றிப் பின்வாங்கி ஊருக்குள் பரவுகிறது. இந்தியாவில் கடலோர அபாயத்துக்கென வரையப்பட்ட வரைபடங்களில் பெரும்பாலானவை முதல் வழியை மனத்தில் கொண்டவை. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்ததும் நின்றுவிடுபவை. மூன்றாவது வழியில் வரும் நீரை அவை காட்டுவதில்லை. அந்த நீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதற்குத் தெளிவான சான்று ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இருக்கிறது.

நகரி, கடலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்குச் சற்று மேலே அமைந்த ஊர். திருத்தணிக்கும் புத்தூருக்கும் இடையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் பகுதி. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திரத்தில் நின்றது. ஊருக்குப் பின்னால் எழும் மலையின் கூரிய முனையை நகரி மூக்கு என்பார்கள். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் கடலிலிருந்தே அதைப் பார்த்துத் திசை கண்டார்கள். மலையையும் கடலையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்த்த அந்தப் பழக்கம் இன்றைய வெள்ள வரைபடங்களில் இல்லை.

கார்வேட்டிநகரம் பக்கத்து மலைகளில் சேரும் நீர் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. தமிழகச் செய்தித்தாள்கள் அம்மப்பள்ளி அணை என்று எழுதுவது இதைத்தான். அணை திறந்தால் முதலில் பாதிக்கப்படுவது தமிழக எல்லைக்குள் இருக்கும் பள்ளிப்பட்டு. அங்குள்ள தரைப்பாலங்கள் மூழ்கிக் கிராமங்கள் துண்டிக்கப்படுவது மழைக்காலம்தோறும் வரும் செய்தி. பிறகு ஆறு நகரிப் பக்கம் ஆந்திரத்துக்குள் போய், மறுபடி தமிழகத்துக்குள் வந்து, பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூரில் கடலைச் சேர்கிறது. இதுதான் கொசஸ்தலையாறு. இதன் வடிநிலப்பரப்பு 3,727 சதுர கிலோமீட்டர். அதில் 877 சதுர கிலோமீட்டர் ஆந்திரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அந்தப் பங்கில்தான் மலைகளும் செங்குத்தான சரிவுகளும் மிகுதி.

பக்கத்திலேயே ஓடும் ஆரணியாற்றின் கதையும் இதைப் போன்றதே. சுமார் 132 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆறு பாதி தூரம் ஆந்திரத்தில் ஓடுகிறது. பிச்சாட்டூரில் அதன் குறுக்கே அணை உண்டு. சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக அது பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. பிச்சாட்டூர் அணையின் மதகு திறந்தால் பொன்னேரி வட்டத்துக் கரையோர ஊர்கள் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. சந்திரகிரிப் பக்கம் உருவாகும் சுவர்ணமுகி திருப்பதியையும் காளஹஸ்தியையும் தொட்டுக்கொண்டு தனியே கடலுக்குப் போகிறது. 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டம் கோயில் மலையை மட்டும் கொண்டதன்று. சூலூர்ப்பேட்டை, தடா, பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி, ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஆகியவையும் அதில் சேர்ந்தன. மலையும் கழிமுகமும் ஒரே ஆட்சியரின் கீழ் வருவது வெள்ளத் திட்டமிடலுக்குக் கிடைத்த அரிய வசதி. கொசஸ்தலைக்கு அந்த வசதி இல்லை.

இந்த ஆறுகளின் சரிவைக் கவனித்தால் வெள்ளம் ஏன் மேலே விரைந்தும் கீழே தேங்கியும் நடந்துகொள்கிறது என்பது விளங்கும். நகரி மலைகள் குவார்ட்சைட் பாறையாலானவை. புவியியலாளர்கள் கடப்பைப் படுகையின் அந்தப் பாறை அடுக்குக்கே நகரி குவார்ட்சைட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கெட்டியான பாறை, மேலே மெல்லிய மண். கனமழையில் நீர் உள்ளே இறங்க நேரமின்றி ஓடையாகிவிடுகிறது. பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 140 அடி, அதாவது 43 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து கடல் நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் கணக்கிட்டாலே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் கிடைப்பதில்லை; ஆறு வளைந்து ஓடுவதால் அது இன்னும் குறைகிறது. கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சரிவு என்று சொல்ல ஏதுமில்லை. அந்தத் தட்டையான நிலத்தில்தான் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எண்ணெய் ஆலைகளும் மீனவக் குப்பங்களும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன.

பூண்டி 1944-இல் திறக்கப்பட்டது, சென்னையின் குடிநீருக்காக. வெள்ளத்தைத் தாங்கி நிறுத்த அதில் தனியாக ஒதுக்கப்பட்ட கொள்ளளவு கிடையாது. கோடைக்காக நீரைச் சேர்த்துவைக்க வேண்டிய பொறியாளர், நவம்பர் இறுதியில் ஏரியை நிறைத்துவைக்கவே விரும்புவார். அதே நேரத்தில் மேலே ஒரு புயல் மழை கொட்டினால் வந்த நீரை வந்தபடியே திறந்துவிடுவதைத் தவிர வழி இருக்காது. எனவே எண்ணூரில் எத்தனை அடி நீர் நிற்கும் என்ற கேள்விக்கான விடையில் பாதி, பூண்டியில் அன்று காலை எவ்வளவு இடம் மீதமிருந்தது என்பதில் இருக்கிறது. மழை அளவையும் நிலத்தின் உயரத்தையும் மட்டும் வைத்து வரைந்த படத்தில் இது தெரியாது.

வெள்ள வரைபடத்துக்கு அடித்தளம் நிலத்தின் உயரம். இந்தப் பகுதியைப் பொறுத்தவரை உயரத் தரவின் வரலாறு இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் தொடங்குகிறது. நகரி 57 ஓ என்ற தாள் தொகுதியில் வருகிறது. பழவேற்காடும் எண்ணூரும் 66 சி-இல் வருகின்றன. 80 பாகைத் தீர்க்கரேகை இரண்டையும் பிரிக்கிறது. ஒன்றுக்கு ஐம்பதாயிரம் அளவில் அமைந்த இந்தத் தாள்களில் சம உயரக் கோடுகள் வழக்கமாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். மலைக்கு அது போதும். நகரி மூக்கின் சரிவில் கோடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கிழக்கே 66 சி தாளை விரித்தால் கடற்கரையிலிருந்து முதல் கோடு வரும்வரை வெறுமைதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக உயரப் புள்ளிகள் இருக்கும். ஒரு முழம் நீர் ஏறினால் மூழ்கும் வீடும் ஆள் உயரம் ஏறினாலும் மூழ்காத வீடும் அந்தத் தாளில் ஒரே வெள்ளைப் பரப்பில்தான் கிடக்கின்றன.

2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டவர் விண்ணோடம் 11 நாட்கள் சுற்றிவந்து ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதியை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்றழைக்கப்படும் இந்தத் தரவு இலவசமாகக் கிடைப்பதால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் வெள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை இதையே எடுத்துக்கொள்கின்றன. தரவின் ஒவ்வொரு கட்டமும் சுமார் 30 மீட்டர் அகலம். ரேடார் முதலில் தொடும் பொருளின் உயரத்தையே இது பதிவுசெய்கிறது. தென்னந்தோப்பு என்றால் தோப்பின் தலை, அடுக்குமாடி என்றால் மாடி. தோப்பும் வீடுகளும் நெருங்கிய கடற்கரையில் நிலம் உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். ஆபத்து குறைவாகத் தோன்றும். 2019-இல் கிளைமேட் சென்ட்ரல் அமைப்பைச் சேர்ந்த ஸ்காட் கல்ப், பெஞ்சமின் ஸ்ட்ராஸ் இருவரும் இந்தப் பிழையைத் திருத்திய உயர மாதிரியை வெளியிட்டபோது வேறுபாடு அதிர்ச்சியளித்தது. உலகில் இன்றைய உயர் ஓத மட்டத்துக்குக் கீழே வாழ்வோர் பழைய தரவின்படி 2.8 கோடிப் பேர். திருத்திய தரவின்படி 11 கோடிப் பேர். மக்கள் தொகை மாறவில்லை, கடலும் மாறவில்லை. அளவுகோல் மட்டுமே மாறியிருந்தது.

இந்தியாவுக்குச் சொந்தத் தரவும் உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1, முன்னும் பின்னும் சாய்ந்த இரண்டு கேமராக்களால் ஒரே நிலத்தை இருமுறை படமெடுத்து உயரத்தைக் கணித்தது. அந்த உயர மாதிரி ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் நடத்தும் புவன் தளத்தில் கிடைக்கிறது. மலைப் பகுதிக்கு அது நன்றாகவே உதவும். கழிமுகத்தின் அரை மீட்டர் மேடுபள்ளங்களை அதுவும் சொல்லாது. அதற்கென்றே நில அளவைத் துறை, உலக வங்கி உதவியுடன் நடந்த ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைத் திட்டத்தின் கீழ், நாட்டின் கடற்கரையை ஒட்டிய சில கிலோமீட்டர் அகலப் பட்டையை விமானத்திலிருந்து படமெடுத்து அரை மீட்டர் இடைவெளியில் சம உயரக் கோடுகள் வரைந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளில் வரும் அபாயக் கோடு இதிலிருந்து பிறந்தது. அந்தப் பட்டைக்கு மேற்கே அடியெடுத்து வைத்ததும் தரவு மறுபடி முரட்டுத்தனமாகிவிடுகிறது. கொசஸ்தலையின் வெள்ளச் சமவெளி அந்தப் பட்டைக்குள் அடங்குவதில்லை. ஆற்றின் கடைசி ஐம்பது கிலோமீட்டரில் பெரும்பகுதி நுண்ணிய அளவீட்டுக்கு வெளியே கிடக்கிறது.

உயரங்களை ஒன்றோடொன்று பொருத்துவதில் இன்னொரு சிக்கல். செயற்கைக்கோள்கள் பூமியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டு அதிலிருந்து உயரத்தை அளக்கின்றன. நில அளவைத் துறையோ சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஈர்ப்புவிசை குறைவாக இருப்பதால் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. சென்னைக் கடற்கரையில் நின்று திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால் எண்பது மீட்டருக்கும் மேல் கடலுக்கு அடியில் நிற்பதாகக் காட்டும். அந்த அளவுக்குப் பெரிய பிழை உடனே கண்ணில் படும். திருத்தத்துக்கு வெவ்வேறு மாதிரிகளைப் பயன்படுத்துவதால் வரும் ஒரு மீட்டர், அரை மீட்டர் பிழை கண்ணில் படாது. ஏற்றவற்றத்தின் மொத்த வீச்சே ஒரு மீட்டரை ஒட்டியிருக்கும் ஒரு கடற்கரையில் அந்த அரை மீட்டர் முழு ஆய்வையும் பொய்யாக்கிவிடும்.

உயர மாதிரியில் நீரை ஓடவிடும்போது மனிதர் கட்டியவை குறுக்கே வருகின்றன. சென்னை–கூடூர் ரயில் பாதையும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் கடலுக்கு இணையாக வடக்கு நோக்கிப் போகின்றன. மேற்கிலிருந்து வரும் ஒவ்வொரு ஓடையும் இரண்டையும் கடந்தாக வேண்டும். 30 மீட்டர் கட்டத்தில் ரயில் மேடு ஒரு நீண்ட அணையாகத் தெரியும். அதன் அடியில் நான்கைந்து மீட்டர் அகலத்தில் இருக்கும் மதகுப் பாலம் தெரியாது. கணினி நீரை மேற்குப் பக்கம் தேக்கிவைத்து, கிழக்குப் பக்கம் உலர்ந்திருப்பதாகக் காட்டும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு பாலத்தையும் நேரில் பார்த்து, அதன் கண்களின் எண்ணிக்கை, அகலம், உயரம், அதில் எவ்வளவு மண்ணும் குப்பையும் அடைத்திருக்கிறது ஆகியவற்றைக் குறித்து மாதிரியில் சேர்க்க வேண்டும். சலிப்பான வேலை. எந்தச் செயற்கைக்கோளும் இதைச் செய்துதர முடியாது. ஒரு வெள்ள வரைபடத்தின் தரத்தை அறிய, அதைத் தயாரித்தவர்கள் எத்தனை பாலங்களை நேரில் அளந்தார்கள் என்று கேட்பதே போதுமானது.

ஏரிகள் அதைவிடப் பெரிய சிக்கல். சித்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை நிலம் முழுக்க ஏரித் தொடர்கள். மேல் ஏரியின் கலங்கலில் வழியும் உபரிநீர் வரத்துக் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. மழையின் தொடக்கத்தில் இந்தத் தொடர் வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எல்லா ஏரிகளும் நிறைந்துவிட்ட பிறகு பெய்யும் மழை முழுவதும் அப்படியே ஆற்றுக்கு வருகிறது. ஆகவே அக்டோபரில் பெய்யும் 20 சென்டிமீட்டரும் டிசம்பரில் பெய்யும் 20 சென்டிமீட்டரும் எண்ணூருக்கு ஒன்றல்ல. கரை உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். 2021 நவம்பரில் திருப்பதியில் வரலாறு காணாத மழை கொட்டியபோது ராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள ராயலசெருவு என்ற பழைய பெரிய ஏரியின் கரையில் கசிவு ஏற்பட்டது. கீழே இருந்த ஊர்களை அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. கரை தாங்கியது. அதே நாட்களில் கடப்பை மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்து பலர் இறந்தார்கள். நாடாளுமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்த கரைகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. ஆயிரக்கணக்கான ஏரிகளின் கரைகள் அப்படிப்பட்டவை. கலங்கலின் மட்டம், கரையின் நிலை, மதகு இயங்குகிறதா என்பன போன்ற விவரங்கள் இரு மாநிலங்களின் உட்கோட்டப் பொறியாளர்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அவை ஒரே தரவுத்தளத்துக்கு வராதவரை கணினி மாதிரிக்கு ஏரி என்பது நீல நிறத் திட்டு மட்டுமே.

மழையை அளப்பதிலும் மலை ஏமாற்றுகிறது. மண்டலத் தலைமையிடங்களில் மழைமானிகள் இருக்கின்றன. மலைமேல் மிகக் குறைவு. செயற்கைக்கோள் மழைத் தரவின் ஒரு கட்டம் பதினொரு கிலோமீட்டர் அகலம். அதற்குள் மலையுச்சியும் அடிவாரமும் ஒரே எண்ணாகிவிடும். சென்னையிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் உள்ள டாப்ளர் ரேடார்கள் நகரி மலைகளை எட்டிப் பார்க்கின்றன. மலைமேல் இன்னும் சில தானியங்கி மழைமானிகளை வைத்து ரேடார் அளவைத் திருத்தினால், எண்ணூருக்கு நீர் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே கணக்கு கையில் இருக்கும்.

வரைந்த படம் சரிதானா என்று பார்க்க, நடந்துபோன வெள்ளத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ரேடார் படங்கள் பெரிதும் பயன்படுகின்றன. மேகமோ இருளோ ரேடாரை மறைப்பதில்லை. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்தில் கருமையாக விழும். ஐரோப்பாவின் சென்டினல்-1, 2022-இல் ஏவப்பட்ட இந்தியாவின் இஓஎஸ்-04, 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நைசார் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் சென்டினல்-1 போன்ற ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் ஆகும். வெள்ளத்தின் உச்சம் சில மணி நேரமே நிற்கும். கோள் தலைக்கு மேல் வரும்போது வயல்களில் மட்டும் நீர் மிச்சமிருக்கும், தெருக்கள் வடிந்திருக்கும். நெருக்கமான கட்டடங்களுக்கிடையே நிற்கும் நீரிலிருந்து அலை சுவரில் பட்டுத் திரும்புவதால் வெள்ளம் கருமையாகத் தெரியாமல் பளிச்சென்று தெரிந்து, உலர்ந்த ஊர் போலவே தோற்றமளிக்கும். ஆகவே 2015, 2021, 2023 வெள்ளங்களை வைத்து மாதிரியைச் சரிபார்க்க வேண்டுமானால் சடையங்குப்பத்தின் வீட்டுச் சுவர்களில் படிந்த சேற்றுக் கோட்டை அளந்து எழுதுவதே நம்பகமான வழி. அந்தக் கோடுகள் ஒரு வெள்ளையடிப்பில் மறைந்துவிடும். ஒவ்வொரு வெள்ளம் வடிந்த மறுவாரமும் உள்ளாட்சி ஊழியர்கள் அவற்றை அளந்து பதிவுசெய்யும் முறை வந்தால், பத்தாண்டில் வேறெந்தத் தரவையும்விட அது விலைமதிப்பு மிக்கதாக இருக்கும்.

கடல் பக்கத்து வேலையை ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் ஓரளவு செய்து முடித்திருக்கிறது. 2012-இல் அது இந்தியக் கடற்கரை முழுவதற்கும் 156 தாள்களில் பாதிப்புக் குறியீட்டு வரைபடங்களை வெளியிட்டது. அலை உயரம், ஓத வீச்சு, கடல் மட்ட உயர்வு, கரை அரிப்பின் வேகம், நிலத்தின் உயரம் போன்றவற்றை அவை சேர்த்துப் பார்க்கின்றன. தென் ஆந்திரக் கடற்கரைக்கு இது ஏட்டளவு ஆபத்தன்று. 1977 நவம்பர் 19 அன்று திவிசீமாவில் எழும்பிய கடல் பத்தாயிரம் பேரளவில் உயிரைக் கொண்டுபோனது. 1984 நவம்பரில் ஒரு கடும் புயல் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டியே கரை கடந்தது. ஆனால் இந்த வரைபடங்களில் ஆறு இல்லை. கடலோரக் கோட்டின் ஒவ்வொரு துண்டும் கடலை மட்டும் பார்த்து நிற்கிறது.

ஆறும் கடலும் சந்திக்கும் இடம் வரைபடத்துக்கு மிகக் கடினமானது, ஏனெனில் அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் தூர்ந்து மூடுவதும், வெள்ளம் அதை உடைத்துத் திறப்பதும், மீனவர்கள் தூர்வாரக் கேட்டுப் போராடுவதும் மாறாத சுழற்சி. முகத்துவாரம் மூடியிருக்கும் ஆண்டில் ஆரணியாற்று நீர் ஏரியில் தேங்கிக் கரையோர ஊர்களுக்குள் ஏறும்; திறந்திருக்கும் ஆண்டில் அதே அளவு நீர் கடலுக்குப் போய்விடும். எண்ணூரில் மாற்றம் மனிதர் செய்தது. கழிமுகத்தின் உப்பளங்களும் அலையாத்திப் பரப்பும் அனல்மின் நிலையச் சாம்பலாலும் துறைமுக, தொழிற்சாலை நிரப்பல்களாலும் சுருங்கின. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்த இடங்கள், பின்னர் பயன்படுத்தப்பட்ட வரைபடத்தில் அவ்வாறு காட்டப்படவில்லை என்பதை 2017 வாக்கில் மீனவர்களும் சூழலியலாளர்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிக்கொண்டுவந்தார்கள். வெள்ளம் பரவி நிற்கவேண்டிய இடத்தை ஒரு தாள் கழிமுகம் என்றும் இன்னொரு தாள் நிலம் என்றும் சொன்னால் அந்த இடத்தில் கட்டடம் எழும். நீர் பழைய தாளின்படியே நடந்துகொள்ளும்.

அபாயம் என்பது நீரின் ஆழம் மட்டுமன்று. அந்த ஆழத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் எதை இழப்பார்கள், இழந்ததை மீட்க எத்தனை காலம் ஆகும் என்பனவும் அதில் சேரும். நகரியில் தரைமட்ட அறையில் நிற்கும் விசைத்தறிக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தால் மோட்டாரும் பாவும் போய்விடும். கூலிக்கு ஓட்டும் நெசவாளிக்குத் தறி மறுபடி ஓடும்வரை வருமானம் இல்லை. எண்ணூர்க் குப்பத்தில் வீடு தப்பினாலும் வலையும் படகு இயந்திரமும் நனைந்தால் தொழில் நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் அலையாத்திகளும் எண்ணெயில் தோய்ந்தன; நீர் வடிந்த பிறகும் மீன்பிடி பல வாரம் முடங்கியது. அந்த இழப்பை எந்த ஆழ வரைபடமும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. வெள்ளத்தின் பாதையில் என்னென்ன தொட்டிகள், குழாய்கள், சாம்பல் குட்டைகள் இருக்கின்றன என்ற அடுக்கும் படத்தில் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

மக்கள் பற்றிய தரவு இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே சார்ந்திருக்கிறது. கல்வி நிலையங்களிலிருந்து வரும் ஆய்வுகள் பல, சரிவு, ஆற்றிலிருந்து தூரம், மழை, மண் வகை, நிலப் பயன்பாடு ஆகியவற்றுக்கு ஆய்வாளரே மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, சிவப்பு முதல் பச்சை வரை ஐந்து நிறங்களில் படம் தருகின்றன. எளிதில் செய்யலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் மதிப்பெண்களை மாற்றினால் நிறங்களும் மாறும். நடந்த வெள்ளத்தோடு ஒப்பிடாத படம், ஆற்றங்கரைத் தாழ்நிலம் தாழ்வானது என்பதற்கு மேல் புதிதாக எதையும் சொல்வதில்லை. எந்தத் தெருவில், எவ்வளவு மழைக்கு, எத்தனை மணி நேரம் கழித்து, எத்தனை அடி நீர் என்பதைச் சொல்வதே பயன்தரும் வரைபடம்.

அந்தத் திசையில் சென்னை சில படிகள் முன்னேறியிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுடனும் அண்ணா பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து சி-ஃப்ளோஸ் என்ற முன்னறிவிப்பு முறையை உருவாக்கியது. மழை, நீர்த்தேக்கம், ஓதம் ஆகியவற்றின் பல நூறு சேர்க்கைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, வரவிருக்கும் நிலைமைக்கு நெருங்கியதை அது எடுத்துக் காட்டுகிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனில் கொசஸ்தலைப் படுகையில் 588 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் திட்டம் 2021-இல் ஒப்புதல் பெற்றது. வடிகால் மாநகர் மழைக்கு உதவும். மேலிருந்து வரும் ஆற்று வெள்ளத்துக்கு அதனால் பயனில்லை. கடலும் ஆறும் ஒரே நேரத்தில் உயர்ந்தால் வடிகாலின் வாயே நீருக்குள் இருக்கும்.

எஞ்சியிருப்பது மாநில எல்லை. 2022 ஆகஸ்டில் நகரிப் பகுதியில் கொசஸ்தலையின் குறுக்கே ஆந்திரம் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டதை எதிர்த்துத் தமிழக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சென்னைக்கு வரும் குடிநீர் குறையும் என்பதே கவலை. வறட்சிக் காலத்தின் நீருக்காக எழும் இந்தப் பேச்சு, வெள்ளக் காலத்தின் நீரைப் பற்றி அதே அழுத்தத்தோடு எழுவதில்லை. மேலே அணைகள் கட்டப்பட்டால் வெள்ளத்தின் உச்சம் தணியலாம். தவறான நேரத்தில் திறந்தால் கூடலாம். இரண்டும் இயக்கும் முறையைப் பொறுத்தவை. இயக்க விதிகளும் நீர்வரத்துத் தரவும் இரு பக்கமும் உடனுக்குடன் பகிரப்பட வேண்டும்.

ஐரோப்பாவில் ரைன் ஆறு 1993-இலும் 1995-இலும் பெருவெள்ளம் கண்டபின் கரையோர நாடுகளின் கூட்டு ஆணையம் 2001-இல் முழு ஆற்றுக்கும் ஒரே வெள்ள வரைபடத் தொகுதியை வெளியிட்டது. 2007-இல் ஐரோப்பிய ஒன்றியம், எல்லை தாண்டும் படுகைகளில் தரவைப் பரிமாறிக்கொண்டு வெள்ள வரைபடம் தயாரிப்பதைச் சட்டக் கடமையாக்கியது. இந்தியாவில் வெள்ளச் சமவெளி மண்டலமாக்கலுக்கான மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் போன்ற சிலவே சட்டம் இயற்றின. ஆந்திரமும் தமிழகமும் அந்தப் பட்டியலில் இல்லை. 1975-இன் மாதிரியும் மாநிலத்தை அலகாகக் கொண்டதே, படுகையை அன்று.

கொசஸ்தலைக்கும் ஆரணிக்கும் ஒரு கூட்டு வரைபடம் தயாரிக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மலையில் கார்ட்டோசாட் உயரத் தரவு, பூண்டிக்குக் கீழே விமான லேசர் அளவீடு, பாலங்களின் நேரடி அளவு, இரு மாநில ஏரிகளின் கலங்கல் மட்டம், கிருஷ்ணாபுரம், பிச்சாட்டூர், பூண்டி மூன்றின் மணிவாரி நீர்வரத்து, முகத்துவாரங்களின் அவ்வப்போதைய குறுக்குவெட்டு, ஓத அட்டவணை ஆகியவை ஒரே மட்டத்தில் பொருத்தப்பட வேண்டும். பருவமழைக்கு முன்னால் ஆண்டுதோறும் முகத்துவாரத்தை அளந்து படத்தைத் திருத்த வேண்டும். வெளியிடும்போது பள்ளிப்பட்டுக்கும் நகரிக்கும் தமிழிலும் தெலுங்கிலும், தடாவுக்கும் பழவேற்காட்டுக்கும் அவ்வாறே, தெரு அளவில், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டும் வடிவில் வெளியிட வேண்டும். கிருஷ்ணாபுரம் மதகு எத்தனை அடி திறந்தால் எந்தத் தரைப்பாலம் எத்தனை மணி நேரத்தில் மூழ்கும் என்ற அட்டவணை அதன் கீழேயே இருக்க வேண்டும்.